கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு வக்கீல் வேண்டும்

ஆண்டிபட்டி, கண்டமனூர், கடமலைக்குண்டு, வருசநாடு, ராஜதானி பக்கமிருந்து சட்டம் படிக்கப் போயிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எட்டுப் பேர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தீர்கள். தேனி சட்டக் கல்லூரியில் மூன்று பேர், மதுரையில் நான்கு பேர், திருச்சியில் ஒருத்தி. காப்பி ஆறுவதற்குள் கேட்டுவிட்டீர்கள்: "அக்கா, இல்லாதப்பட்டவங்களுக்கு உதவுற மாதிரி வக்கீல் தொழில் பண்ணணும்னு ஆசையாத்தான் இருக்கு. அதுக்குச் சென்னை, டெல்லின்னு போகணுமா? போனாலும் சோத்துக்கு வழி உண்டா?"

மறுநாள் எனக்கு ஒரு குறுக்கு விசாரணை இருந்தது. வழக்குக் கட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி உங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டேன். பேருந்து நிறுத்தம் வரை நீங்கள் பேசிக்கொண்டே நடந்துபோனதைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல். உங்கள் எட்டுப் பேரோடு, ஆண்டிபட்டிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் பிறந்து கறுப்புக் கோட்டு போடப்போகும் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன்.

வைகை அணை நம் வாசலில் இருக்கிறது. ஆனாலும் ஆண்டிபட்டி வானம் பார்த்த பூமிதான். அந்த வருத்தம் நமக்கெல்லாம் உண்டு. இருந்தாலும் அணைக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர் கேம்ப்புக்கு இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லுக்கும் திராட்சைக்கும் பாய்ந்து, மிச்சம் வைகையில் சேர்ந்து, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகிறது. இந்தத் தண்ணீரைக் கொண்டுவந்தவர் பொறியாளர் பென்னிகுவிக் என்று இங்கே பொங்கலுக்குப் பானை வைக்கிறோம். வைக்கத்தான் வேண்டும். ஆனால் 1895-ல் அவர் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையை ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு நமக்காகக் காத்து நின்றது காகிதம்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 1886 அக்டோபர் 29-ல் கையெழுத்தான 999 ஆண்டுக் குத்தகைப் பத்திரம், 1970-ல் எழுதிய துணை ஒப்பந்தங்கள், அணையைப் பலப்படுத்தியதற்கான பொறியாளர்களின் கணக்கு, வல்லுநர் குழுக்களின் அறிக்கைகள் எல்லாம் சேர்ந்த காகிதம் அது. அணையின் பாதுகாப்பு பற்றிய அச்சத்தால் 1979-ல் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. 2006 பிப்ரவரி 27-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. மூன்று வாரத்துக்குள் கேரளச் சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டம் போட்டு மறுபடியும் 136 என்று எழுதியது. தமிழ்நாடு, அரசமைப்புச் சட்டத்தின் 131-வது பிரிவைப் பிடித்துக்கொண்டு நேராக உச்ச நீதிமன்றத்தில் அசல் வழக்குப் போட்டது. ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தின் மேல் வழக்குத் தொடுக்க நமது சட்டத்தில் உள்ள வாசல் அது. நம்மூர் முன்சீப் கோர்ட்டு வழக்கைப் போலவே பிராது, எதிருரை, சாட்சி, ஆவணம் என்று எல்லாமே உண்டு. எட்டு வருஷம் நடந்தது. 2014 மே 7-ல், நீதிபதி ஆர்.எம்.லோதா தலைமையில் ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். நீதிமன்றம் உண்மையை ஆராய்ந்து முடித்த விஷயத்தைச் சட்டமன்றம் ஒரு சட்டத்தால் புரட்டிப் போட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் மையம்.

அந்த வழக்கில் தமிழ்நாட்டுக்காக வாதாடிய மூத்த வழக்கறிஞர் வினோத் பாப்டேயின் பெயர் தீர்ப்பில் இருக்கிறது. அவருக்குப் பின்னால் இருந்தவர்களின் பெயர் இல்லை. பொதுப்பணித் துறை அலுவலகத்தில் பழைய கோப்பைத் தூசி தட்டி எடுத்தவர், எந்த ஆவணத்துக்கு எந்த எண் என்று அட்டவணை போட்டவர், எதிர்த்தரப்பின் பதில் மனுவைப் பத்தி பத்தியாகப் பிரித்துப் பதில் எழுதிய இளம் வழக்கறிஞர் என்று பலர். உங்களில் யாராவது ஒருவர் அந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பொதுநலன் என்றதும் அரசை எதிர்த்து நிற்பது என்று மட்டுமே நீங்கள் அன்றைக்குப் பேசினீர்கள். அரசுக்காக நன்றாக நிற்பதும் பொதுநலன்தான். சரியான ஆவணம் சரியான நாளில் தாக்கலாகாமல் போனால் வறண்டுபோவது ஐந்து மாவட்டத்து வயல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2006 தீர்ப்பு எந்த வழக்கின் பெயரில் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். அதில் மனுதாரர், கேரளத்தில் அமைந்த ஒரு சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பேரவை. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் குடியிருப்பவர்களின் பயமும் பயம்தான். ஏலத்தோட்டத்தில் நம்மோடு வேலை பார்க்கும் மக்கள் அவர்கள். எதிர்த்தரப்பின் கவலையைப் படித்துப் புரிந்துகொண்டு அதற்குப் பதில் சொல்கிறவர்தான் நல்ல அரசு வழக்கறிஞர்.

அரசுப் பக்கம் போகும் வழிகளை நேராகவே சொல்கிறேன். உதவி அரசு வழக்கு நடத்துநர் பதவிக்கு, நம் பேச்சில் ஏபிபி, தேர்வாணையம் தேர்வு வைக்கிறது. குற்றவியல் நீதிமன்றத்தில் ஐந்து ஆண்டு தொழில் செய்திருக்க வேண்டும். சிவில் நீதிபதி தேர்வுக்கு, படித்து முடித்த கையோடு எழுதலாம் என்று இருந்தது. 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று திரும்பவும் கொண்டுவந்துவிட்டது. உங்களில் இரண்டு பேர் முகம் அன்று வாடியது எனக்குத் தெரியும். நான் அந்தத் தீர்ப்பின் பக்கம்தான். வாய்தாவுக்காக வெயிலில் நின்ற கட்சிக்காரரின் பக்கத்தில் நிற்காத ஒருவருக்கு, மேடையில் உட்கார்ந்து வாய்தா கொடுக்கும்போது அதன் கனம் தெரியாது. ஆனால் அந்த மூன்று வருஷம் வீட்டில் யார் சோறு போடுவார்கள் என்ற உங்கள் கேள்வியும் நியாயமானது. அதற்கு வருகிறேன்.

அரசு வழக்கறிஞர் நியமனங்கள் ஆளுங்கட்சி பார்த்து நடக்கின்றன என்ற பேச்சு இருக்கிறது. 2016-ல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே இதைக் கண்டித்து, தகுதி பார்த்து, வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொன்னது. எல்லா இடத்திலும் அது நடந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அதற்காக அந்த நாற்காலியை விட்டுவிட்டு வர வேண்டாம்.

ஏபிபி வேலையை ஒருநாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். மனைவியை அடித்த வழக்கு ஒன்று; நான் எதிரியின் வக்கீல். அன்று ஏபிபி அம்மாவிடம் நாற்பது கட்டு இருந்தது. சாட்சியைக் கூப்பிடுவதற்கு முன்னால், மூன்று நிமிஷம் இருக்கும், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியையும் எஃப்.ஐ.ஆரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் நேரத்தைத் தொட்டுப் பார்த்தார். அரசு மருத்துவமனையில் காலை ஏழு பத்துக்கே காயத்தை எழுதியிருக்கிறார்கள். யார் அடித்தது என்றும் அதிலேயே இருக்கிறது. நான் அதுவரை கட்டி வைத்திருந்த வாதமெல்லாம், புகார் யோசித்து யோசித்து ராத்திரி எழுதியது என்பதுதான். அந்த ஒரு நேரக் குறிப்பில் அது சரிந்தது. தோற்றுப்போய் வெளியே வந்தபோது எனக்கு வருத்தமே இல்லை. அந்தப் பெண் தாலுகா ஆபீஸ் பக்கமிருந்த வேப்பமரத்தடியில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்காக வக்கீல் வைக்க அவளிடம் காசில்லை. அரசு வைத்திருந்த வக்கீல் மூன்று நிமிஷம் கூடுதலாகப் படித்தார்.

வழக்கு நடத்துநரின் வேலை எப்படியாவது தண்டனை வாங்கிக் கொடுப்பது அல்ல. உண்மையை நீதிமன்றத்தின் முன் வைப்பது. 1999-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதே நேரத்தில், பாதிக்கப்பட்டவர் ஏழையாகவும் எதிரி பலமுள்ளவராகவும் இருக்கும்போது அந்த நாற்காலியில் யார் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு கோகுல்ராஜ் வழக்கைப் படியுங்கள். 2015-ல் நாமக்கல் பக்கம் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்த இளைஞர். மகனை இழந்த தாயின் முயற்சியால் வழக்கு மதுரைக்கு மாறியது. பவானியைச் சேர்ந்த வழக்கறிஞர் ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக நின்றார். முக்கியமான சாட்சி பிறழ்ந்துவிட்ட பிறகும், திருச்செங்கோடு கோயிலின் கேமராப் பதிவையும் சூழ்நிலைச் சான்றுகளையும் கோத்து அவர் நடத்திய விதம் சட்டக் கல்லூரியில் பாடமாக வைக்க வேண்டியது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. மதுரையில்தான் அந்த விசாரணை நடந்தது, பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். இனிமேலாவது அப்படிப் போய் உட்காருங்கள். ஆரப்பாளையத்தில் இறங்கி, மாட்டுத்தாவணி போய், ஒத்தக்கடைப் பேருந்தைப் பிடித்தால் உயர் நீதிமன்றக் கிளை. 2004-ல் அது வருவதற்கு முன்னால் ஒரு ரிட் மனுவுக்குச் சென்னை போய் லாட்ஜில் தங்கிய தலைமுறை எங்களுடையது.

இனி எதிர்ப்பக்கம். கூண்டில் நிற்பவரின் பக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ரிமாண்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வருசநாட்டுப் பையன், இருபது வயதிருக்கும். காலில் செருப்பில்லை. அவன் அம்மா மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட் ஓரமாக நின்றார். என்னைப் பார்த்ததும், "தாயி, வக்கீலுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. இந்தா, ரேஷன் கார்டு இருக்கு" என்று பையைத் திறந்தார். ரேஷன் கார்டு தேவையே இல்லை. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-வது பிரிவிலேயே இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அப்படியே. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் அப்படியே. கேட்டால் கொடுப்போம் என்று நீதிமன்றம் காத்திருக்கக் கூடாது, தானாகவே சொல்ல வேண்டும் என்று 1986-ல் சுக் தாஸ் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு முன்னால் அன்று அந்த வாசலைத் தாண்டிப் போன நாலு கோட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஒருவரும் நின்று சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

முன்பெல்லாம் சட்ட உதவி வழக்கு என்றால், தன் சொந்த வழக்குக்கு நடுவில் ஒரு வக்கீல் ஓடிவந்து பார்த்துவிட்டுப் போவது. கட்டணம் சொற்பம், அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. 2022-ல் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் இதை மாற்ற ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாவட்டத் தலைநகரில் முழுநேரச் சட்ட உதவி வழக்கறிஞர்கள், மாதச் சம்பளம், தனியாகத் தொழில் பார்க்கக் கூடாது. தலைமைப் பொறுப்புக்குப் பத்து ஆண்டு அனுபவம், துணைக்கு ஏழு, உதவியாளருக்கு அதைவிடக் குறைந்த அனுபவமே போதும். ஒப்பந்த வேலைதான், நிரந்தரம் இல்லை. அது குறைதான். ஆனால் குற்றவியல் வழக்கின் முதல் ரிமாண்டிலிருந்து மேல்முறையீடு வரை கற்றுக்கொள்ள இளம் வக்கீலுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் நம் மாவட்டத்தில் இல்லை. லட்சுமிபுரத்து நீதிமன்ற வளாகத்துக்குப் போய் விசாரியுங்கள். படிக்கும்போதே சட்டத் தன்னார்வலராகப் பெயர் கொடுக்கலாம்.

அந்தப் பையன் பதினோராம் நாள் ஜாமீனில் வந்தான். அவன் அம்மா ஒரு சுரைக்காய் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்து நீங்கள் ஆசையாகப் பேசிய விஷயம், பொதுநல வழக்கு. சினிமா பார்த்துவிட்டு வந்த ஆசை என்று சில பெரியவர்கள் உங்களைச் சொல்வார்கள். இருக்கட்டும், எங்கிருந்து வந்தாலும் நல்ல ஆசைதான். ஆனால் சினிமாவில் காட்ட முடியாத ஒன்று இருக்கிறது, அது நம் மாவட்டத்திலேயே நடந்தது.

தேவாரம் பக்கம் பொட்டிபுரத்து மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், உள்ளே 50,000 டன் இரும்பாலான கருவி. மலை என்ன ஆகும், தண்ணீர் என்ன ஆகும் என்று ஊர் பயந்தது. விஞ்ஞானிகள் பயமில்லை என்றார்கள். அந்த விவாதத்தில் நான் இப்போது இறங்கவில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது வழக்கு எங்கே திரும்பியது என்பதை. 2015 மார்ச்சில் வைகோவின் மனுவில் மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வரும்வரை வேலை தொடங்கக் கூடாது என்றது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் கோ.சுந்தர்ராஜன் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2017 மார்ச் 20-ல் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. எதற்காக? இந்தத் திட்டத்தைக் கட்டடக் கட்டுமானம் என்ற இனத்தில் போட்டு அனுமதி வாங்கியிருந்தார்கள். கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்படி இருந்தால் அது 'ஏ' பிரிவு, டெல்லியில் பரிசீலிக்க வேண்டியது. ஆய்வு அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரமும் இல்லை. அறிவிக்கையின் அட்டவணையில் ஒரு வரி, வரைபடத்தில் ஒரு தூரம், அங்கீகாரப் பட்டியலில் இல்லாத ஒரு பெயர். யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து அந்த அட்டவணையைப் படித்திருக்கிறார்.

பிறகு 2018-ல் மத்திய அரசு இதைச் சிறப்பு நேர்வாக எடுத்துக்கொண்டு அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ரத்து செய்ய மறுத்தது; ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசே, இத்திட்டம் வேண்டாம் என்று அங்கே பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. பாருங்கள், அந்தப் பத்திரத்தை எழுதியது அரசின் வழக்கறிஞர்கள். ஊர்க்காரர்கள் வெளியில் நின்று சொன்னதை அரசு உள்ளே நின்று சொல்லும்படி ஆனது. நான் தண்ணீரிலிருந்து ஏன் தொடங்கினேன் என்று இப்போது புரியும் என்று நினைக்கிறேன். முல்லைப் பெரியாறும் பொட்டிபுரமும் நம் மாவட்டத்தின் இரண்டு பெரிய வழக்குகள். ஒன்றில் நம் மக்களுக்காக நின்றது அரசு; இன்னொன்றில் அரசின் அனுமதியைக் கேள்வி கேட்டது மக்கள். இரண்டிலும் வேலை ஒன்றே. கட்டைப் பிரித்து, கடைசிப் பக்கம் வரை, அட்டவணையும் அடிக்குறிப்பும் உட்படப் படிக்கிற வேலை. இதற்குப் பயிற்சி கொடுக்காமல், பேச்சுப் போட்டி மேடைக்கு மட்டும் உங்களைத் தயார்படுத்துகிறார்கள் என்பது என் வருத்தம்.

இதில் பொறுமையும் வேண்டும். தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் அரசு ஊழியர்களே பழங்குடி மக்கள் மேல் கொடுமை நிகழ்த்தியது 1992 ஜூனில். தர்மபுரி நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது 2011-ல். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-ல். முப்பத்தொரு வருஷம். 269 பேரில் ஐம்பது பேருக்கு மேல் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டார்கள். அந்த ஊர்ப் பெண்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தார்கள். அவர்களோடு வக்கீல்களும் சங்கத்துத் தோழர்களும் வந்தார்கள்.

இனி, நம் காலடியில் கிடக்கும் வேலை. இதுதான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது. விடிகாலையில் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்பில் அடைந்துகொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்கள். வளைவில் ஜீப் கவிழ்ந்தால், விபத்து நடந்தது இடுக்கி மாவட்டத்தில். கேரளத்துக் கோர்ட்டுக்கு யார் போவது என்று பயந்து, ஜீப்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு குடும்பங்கள் அடங்கிப்போகின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவைப் படியுங்கள். பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். தேனியிலேயே போடலாம். 2022 ஏப்ரலிலிருந்து ஆறு மாதக் கெடு வேறு வந்துவிட்டது. அந்தக் கெடு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்றாலும் அதை நம்பிக் காலம் கடத்த முடியாது. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் யாராவது ஒரு படித்த பிள்ளை அந்த வீட்டுக்குப் போய் இதைச் சொல்ல வேண்டும்.

சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் உங்களில் மூன்று பேர். கூலி உயர்வுக்காகத் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்த நாட்கள் உங்கள் வீட்டில் அடுப்பு எரிந்த விதத்தில் உங்களுக்குத் தெரியும். பேச்சுவார்த்தை மேசையில் எழுதும் ஒப்பந்தத்தில் எந்த வரி தொழிலாளியைக் காக்கிறது, எந்த வரி கழற்றிவிடுகிறது என்று படித்துச் சொல்ல உங்களைவிட யாருக்குத் தகுதி?

தகவல் உரிமை மனுவையும் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, என்ன ஆவணம் வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். நல்ல ரிட் மனுக்கள் பலவற்றின் முதல் தாள் அந்தப் பத்து ரூபாய்த் தாள்தான். இரண்டாம் வருஷ மாணவராலேயே முடியும்.

இப்போது சோறு. மறைக்க ஒன்றுமில்லை. நான் ஜூனியராக இருந்த முதல் இரண்டு வருஷம், ஒரு அலுவலகத்தில் எனக்குக் கிடைத்தது பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும். பெண் பிள்ளைக்கு வேறென்ன செலவு என்று கேட்டார்கள். அப்பா பருத்தி விற்ற காசில் எனக்குக் கோட்டு தைத்தார். அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது என்றுதான் சில விஷயங்கள் மெல்ல மாறியிருக்கின்றன. பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும் பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்றது. ஊரில் எல்லா சீனியரும் கொடுக்கிறார்களா? இல்லை. ஆனாலும் கேளுங்கள். கேட்பதற்கு இப்போது கையில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. கேட்டதற்காக முகம் சுளிக்கிற அலுவலகத்தில் தொழில் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. முதல் ஐந்து வருஷம் பத்திரம், வில்லங்கம், பாகப் பிரிவினை என்று வருமானம் தரும் வழக்குகளையும் பாருங்கள். அதில் கேவலம் ஒன்றுமில்லை. புல எண்ணும் அடங்கலும் படிக்கத் தெரியாதவர் நிலத்துக்காகப் போராடும் ஏழைக்கு என்ன உதவி செய்துவிட முடியும்?

திருச்சியில் படிக்கும் தங்கை, நீ போகும்போது தனியாக ஒன்று கேட்டாய்: "உடனே நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கா அக்கா?" இருக்கிறது.

வருசநாட்டுக்கு மேலே மலையில், காட்டை ஒட்டிக் குடியிருப்பவர்களின் உரிமை இழுபறியில் கிடக்கிறது. 2006-ன் வன உரிமைச் சட்டம் பளியர் போன்ற பழங்குடிகளுக்கும், மூன்று தலைமுறையாக, அதாவது 2005 டிசம்பர் 13-க்கு முன்னால் எழுபத்தைந்து ஆண்டாகக் காட்டைச் சார்ந்து வாழும் மற்றவர்களுக்கும் உரிமை தருகிறது. நம் மாநிலத்தில் 2008-ல் வந்த உயர் நீதிமன்ற இடைக்கால ஆணையால் பல வருஷம் உரிமைப் பத்திரம் கொடுப்பதே நின்றுபோயிருந்தது. பிறகு வழி திறந்தது. ஆனால் 1930-லிருந்து குடியிருக்கிறோம் என்பதற்குப் பட்டா, ரசீது எல்லாம் யாரிடம் இருக்கும்? சட்டத்தை எழுதியவர்கள் அதை யோசித்திருக்கிறார்கள். விதி 13-ஐ எடுத்துப் பார். பழைய கிணறு சாட்சி, இடுகாடு சாட்சி, கும்பிடும் மரம் சாட்சி. ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதிக்கொள்ளும் வாக்குமூலமும் சாட்சி.

அங்கே ஒரு தாத்தா இருக்கிறார். தொண்ணூறைத் தாண்டியவர். அவர் அப்பன் வெட்டிய கிணறு எது, முதல் சாவு விழுந்தபோது எந்த மேட்டில் புதைத்தார்கள், எந்த ரேஞ்சர் காலத்தில் குடிசையைப் பிரித்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறார். போன மாசியில் நான் போயிருந்தபோது இரண்டு பக்கம் எழுதினேன். அதற்குள் இருட்டிவிட்டது, கடைசி ஜீப்பைப் பிடிக்க இறங்கி வந்துவிட்டேன். மிச்சம் அவர் நெஞ்சில்தான் இருக்கிறது. இப்போது காது மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து உரக்கக் கேட்க வேண்டும். கீழே இறங்கி வர அவரால் முடியாது.

தசரா விடுமுறைக்கு ஊருக்கு வருகிறீர்கள் அல்லவா? ஆண்டிபட்டியிலிருந்து வருசநாட்டுக்கு விடிகாலைப் பேருந்து இருக்கிறது. நானும் வருகிறேன். முழு நீளத் தாள், ரெண்டு பேனா, கட்டைவிரல் ரேகைக்கு இங்க் பேட் கொண்டு வாருங்கள். அவருக்கு வெற்றிலை பிடிக்கும்.

அன்புடன்,
உங்கள் அக்கா
ஆண்டிபட்டி